தேங்க்ஸ்கிவிங் சமையல்: யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் (நன்றி சொல்லும் நாள்) விருந்தை ஒருவர் மட்டும் நின்று சமைப்பது லேசான வேலை இல்லை. வான்கோழி, ஸ்டஃபிங் (சாற்றில் ஊறவைத்துச் சுடும் ரொட்டித் துண்டுகள்), கிரேவி (கறிச் சாற்றில் செய்யும் கெட்டிக் குழம்பு), மசித்த உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பீன்ஸ், கிரான்பெர்ரி சாஸ், இரண்டு வகை பை (pie, மாவு ஓட்டில் சுடும் இனிப்பு) என்று வரிசை நீளும். அத்தனைக்கும் இருப்பது ஒரே ஓவன். சாப்பிட வருகிறவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு ரத்த அழுத்தம், இரண்டு பேர் சைவம் என்றால் கவலை இன்னும் கூடும். நியூ ஜெர்சியில் அப்படி ஒரு விருந்தைத் தனியாகச் சமைத்து முடித்த களைப்போடும் ஆதங்கத்தோடும் இதை எழுதுகிறேன். சமையல் குறிப்புகள் எங்கும் கொட்டிக் கிடக்கின்றன. எந்த வேலையை எந்த நாளில் தொடங்க வேண்டும், எந்தப் பாத்திரத்தில் உப்பும் சர்க்கரையும் வெண்ணெயும் ஒளிந்திருக்கின்றன என்று சேர்த்துச் சொல்லும் ஆள்தான் கிடைப்பதில்லை.

முதலில் ஒரு விஷயம். இந்த விருந்தில் உடம்புக்கு ஆகாதது என்று எல்லோரும் பயப்படும் வான்கோழி உண்மையில் மேசையிலேயே நல்ல பண்டம். தோல் நீக்கிய நெஞ்சுக்கறி 85 கிராமில் சுமார் 125 கலோரியும் 26 கிராம் புரதமும் இருக்கின்றன. சாப்பிட்டதும் தூக்கம் வருவதற்கு அதிலுள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் காரணம் சொல்வார்கள். கோழிக்கறியிலும் ஏறக்குறைய அதே அளவு டிரிப்டோஃபான் உண்டு. தூக்கம் வருவது ஒரே வேளையில் அளவுக்கு மீறி மாவுச்சத்தும் கொழுப்பும் உள்ளே போவதால். கெடுதல் எல்லாம் பக்கத்துப் பாத்திரங்களில் இருக்கிறது. அந்தப் பாத்திரங்களின் கதியோ விருந்துக்கு முந்தின வார இறுதியில் கடையில் எதை எடுத்துக் கூடையில் போடுகிறோம் என்பதிலேயே முடிந்துவிடுகிறது. வியாழக்கிழமை மதியம் தட்டைப் பார்த்துக் கட்டுப்பாடாக இருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது, அதற்குள் வெகு தாமதமாகியிருக்கும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். 10 பேருக்கான வழக்கமான விருந்துக்கு என்ன ஆகிறது என்று அமெரிக்கன் ஃபார்ம் பீரோ என்ற விவசாயிகள் அமைப்பு ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. 2024இல் அது 58.08 டாலர். அது மளிகைக் கணக்கு மட்டும். முதல் தடவை சமைப்பவர்கள் பாத்திரங்களும் வாங்கத் தொடங்கினால் அந்தத் தொகை எளிதாக இரண்டு மடங்கைத் தாண்டும், எனக்கும் தாண்டியது. வருடத்துக்கு ஒரு நாள் மட்டும் வெளியே வரும் பெரிய ரோஸ்டிங் பாத்திரம் தேவையே இல்லை. விளிம்பு வைத்த கனமான அலுமினியத் தட்டும் அதற்குள் உட்காரும் கம்பி வலையும் போதும், ஆண்டு முழுக்கப் பயன்படும். மெல்லிய அலுமினியத் தாள் ட்ரே வாங்கினால் கொதிக்கும் கொழுப்போடு தூக்கும்போது நடுவில் மடியும், அடியில் ஒரு கெட்டித் தட்டு கொடுக்காமல் அதைத் தூக்கவே கூடாது. யோசிக்காமல் பணம் போட வேண்டியது ஒன்றே ஒன்று: 15, 20 டாலருக்குக் கிடைக்கும் டிஜிட்டல் இறைச்சி வெப்பமானி. வான்கோழியின் நெஞ்சில் செருகியே வரும் பிளாஸ்டிக் குமிழ் மேலே எழும்பும்போது பெரும்பாலும் நெஞ்சுக்கறி வறண்டுபோயிருக்கும். அதை நம்ப வேண்டாம்.

வான்கோழி வாங்கும்போது ஆளுக்கு 1 முதல் 1½ பவுண்டு என்று கணக்கு வையுங்கள், எலும்பும் சேர்ந்த எடை இது. 10 பேருக்கு 12 முதல் 14 பவுண்டு சரியாக வரும். 20 பவுண்டுப் பறவை தள்ளுபடியில் கிடைக்கிறது என்று எடுத்தால் உறைபனி விடவும் வேகவும் கூடுதல் நாளும் நேரமும் போகும், மீதியும் மலைபோல் கிடக்கும். அடுத்தது லேபிள். மலிவான உறைந்த வான்கோழிகள் பலவற்றில் உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றியிருப்பார்கள். இத்தனை சதவீதம் கரைசல் சேர்ந்தது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். 8 சதவீதம் என்று அடிக்கடி பார்க்கலாம். அப்படிப்பட்டதற்கு வீட்டில் மறுபடி உப்பு ஊறவைத்தால் கறி கரிக்கும், வடியும் சாற்றில் செய்யும் கிரேவி வாயில் வைக்க முடியாது. ரத்த அழுத்தக்காரர் வீட்டில் இருந்தால் கரைசல் ஏற்றாத பறவையாகத் தேடி வாங்குவது மேல். சற்று விலை கூடுதலாக இருக்கலாம், ஆனால் உப்பு எவ்வளவு என்பது நம் கையில் இருக்கும்.

இனி உறைபனி விடும் கணக்கு. இந்த விருந்தில் அதிகம் பேரை அழவைப்பது இதுதான். ஃப்ரிட்ஜுக்குள் வைத்து உருகவிட 4 முதல் 5 பவுண்டுக்கு ஒரு முழு நாள் ஆகும் என்பது அமெரிக்க விவசாயத் துறையின் கணக்கு. 12 பவுண்டுக்கு 3 நாள். உருகிய பிறகு உப்பு தடவி ஒன்றரை நாள் வைக்க வேண்டும். ஆகவே சனிக்கிழமை இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறங்கிவிட வேண்டும். சாறு கசியும் என்பதால் அடியில் ஆழமான தட்டு அவசியம். கீழ்த்தட்டின் பின்மூலையில் குளிர் அதிகம், அங்கே ஒட்டி வைத்தால் ஒரு பக்கம் மட்டும் உருகாமல் நிற்கும். புதன்கிழமை இரவு கையை உள்ளே விட்டுப் பார்க்கும்போது வயிற்றுக்குள் ஐஸ் கட்டியாக இருந்தால் மீதி வழி குளிர்ந்த தண்ணீர் மட்டுமே. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் முழுக முழுகத் தண்ணீரில் வைத்து, அரை மணிக்கொருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். பவுண்டுக்கு 30 நிமிடம், 12 பவுண்டுக்கு 6 மணி நேரம். ஓர் இரவின் தூக்கம் முழுக்கப் போகும். விடியும்போது கால் கடுத்து, இந்த விருந்தை ஏன்தான் ஒப்புக்கொண்டோமோ என்று நெஞ்சை அடைக்கும். சொல்லிப் பகிர ஆளில்லாத அந்த நேரத்தை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. அப்படி உருக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும், திரும்ப வைக்கக் கூடாது. சமையல் மேடையில் வெளியே வைத்து உருக்குவதும் வெந்நீரில் போடுவதும் ஆபத்து, வெளிப்பக்கம் 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலே போய் கிருமிகள் பெருகிக்கொண்டிருக்கும், உள்ளே இன்னும் கல்லாக இருக்கும். இதைப் படிப்பவர்கள் யாராவது வியாழன் காலையில் உறைந்த பறவையோடு நின்றால் பதற வேண்டாம்: உறைந்த நிலையிலேயே 325 டிகிரி ஓவனில் (இனி வரும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்தான்) வைக்கலாம், வழக்கமான நேரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆகும், அவ்வளவுதான். ஆனால் உறைந்ததைக் கொதிக்கும் எண்ணெயில் மட்டும் இறக்கிவிடாதீர்கள். ஐஸ் நீராவியாகி எண்ணெயைத் தூக்கி எறிந்து தீப்பிடிக்கும். அமெரிக்க வீடுகளில் சமையல் தீவிபத்து மிக அதிகமாக நடக்கும் நாளே தேங்க்ஸ்கிவிங்தான்.

நம் ஊர்ப் பழக்கப்படி கோழியை மஞ்சள் போட்டு இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவோம். வான்கோழியை அலச வேண்டாம். கழுவுவதால் கிருமி போவதில்லை, தண்ணீர் தெறித்து சிங்க், மேடை, பக்கத்தில் காயும் பாத்திரம் என்று எல்லா இடத்துக்கும் சால்மொனெல்லா கிருமி பரவும். பேப்பர் டவலால் ஒற்றி எடுத்தால் போதும். கழுத்துப் பக்கம், வயிற்றுப் பக்கம் இரண்டிலும் கைவிட்டுப் பாருங்கள். கழுத்து எலும்பும் உள்ளுறுப்புகளும் தனித்தனிப் பொட்டலமாக உள்ளே இருக்கும். ஈரலைத் தவிர மற்றதைச் சாறு எடுக்க வைத்துக்கொள்ளலாம். ஈரல் போட்டால் சாறு கசக்கும்.

முழுசாக வறுப்பதைவிட முதுகெலும்பை வெட்டி எடுத்து, பறவையைப் புத்தகம்போல விரித்துத் தட்டையாக்கி வறுப்பதுதான் என் சிபாரிசு. முழுப் பறவையில் நெஞ்சு சீக்கிரம் வெந்துவிடும், தொடை பின்தங்கும். தொடைக்காகக் காத்திருந்தால் நெஞ்சு வறண்டுபோகும். வறண்ட கறியை விழுங்க வைக்கத்தான் கிண்ணம் கிண்ணமாகக் கிரேவி ஊற்ற வேண்டியிருக்கிறது. விரித்து வைத்தால் தொடைக்கு நேரடியாகச் சூடு படும், இரண்டும் ஒரே நேரத்தில் வேகும். கெட்டியான சமையலறைக் கத்தரியால் வாலிலிருந்து கழுத்துவரை முதுகெலும்பின் இரு பக்கமும் வெட்டி எடுத்து, திருப்பிப் போட்டு, நெஞ்செலும்பின் மேல் உள்ளங்கையால் அழுத்தினால் மடக்கென்று ஒடிந்து தட்டையாகும். செவ்வாய் இரவு இதைச் செய்து உப்பு தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பை ஸ்பூனால் அளக்காமல் எடையால் அளப்பது நல்லது. ஒரு டேபிள்ஸ்பூன் சாதா தூள் உப்பு 18 கிராம் இருக்கும், அதே ஸ்பூனில் டைமண்ட் கிரிஸ்டல் கம்பெனியின் கோஷர் உப்பு (பொரபொரப்பான உப்பு) கிட்டத்தட்ட அதில் பாதிதான். குறிப்பில் ஒன்றைச் சொல்லி நாம் இன்னொன்றைப் போட்டால் உப்பு இரட்டிப்பாகிவிடும். கரைசல் ஏற்றாத 12 பவுண்டுப் பறவைக்கு 25 கிராம் உப்பு, இரண்டு ஸ்பூன் மிளகுத்தூள், தைம் என்ற வாசனை இலை, எலுமிச்சைத் தோல் துருவல் போதும். தோலுக்கு அடியில் விரலை விட்டு கறியிலேயே தடவ வேண்டும். மேலே தடவினால் தோலோடு போய்விடும், தோலை எடுத்துவிட்டுச் சாப்பிடுபவருக்கு ருசியே இருக்காது.

வியாழனன்று 425 டிகிரியில் வைத்தால் 12 பவுண்டுக்கு 80 முதல் 90 நிமிடம். 70ஆவது நிமிடத்திலிருந்து வெப்பமானியைக் கையில் எடுங்கள். நெஞ்சின் தடித்த இடம், தொடையின் உட்பகுதி, இறக்கை மூட்டு மூன்றிலும் 165 டிகிரி காட்ட வேண்டும். ஊசி எலும்பைத் தொட்டால் தப்பான எண் வரும். முழுசாகத்தான் வைப்பேன் என்பவர்களுக்கு 325 டிகிரியில், உள்ளே ஸ்டஃபிங் திணிக்காத 12 முதல் 14 பவுண்டுக்கு 3 முதல் 3¾ மணி நேரம் ஆகும். எப்படி வைத்தாலும் எடுத்தபின் அரை மணி நேரம் சும்மா விட வேண்டும். அப்போதுதான் ஓவன் காலியாகும், மற்ற பாத்திரங்கள் அந்த இடைவெளியில் உள்ளே போகும். மூன்று மணிக்குச் சாப்பாடு என்றால் பன்னிரண்டு மணிக்குப் பறவை உள்ளே, ஒன்றரை மணிவாக்கில் வெளியே, உடனே ஓவனை 375க்கு இறக்கி ஸ்டஃபிங்கும் பீன்ஸும் என்று வைத்துக்கொண்டால் அவசரம் இல்லாமல் ஓடும்.

இப்போது உப்பு. ஒரு நாளைக்கு 2300 மில்லிகிராம் சோடியத்துக்குள் (உப்பில் இருப்பது இதுதான்) இருக்க வேண்டும் என்பது பெரியவர்களுக்கான அமெரிக்க உணவு வழிகாட்டி. டப்பாவில் வரும் கெட்டியான காளான் கிரீம் சூப் ஒரே டப்பாவில் சோடியம் ஏறத்தாழ 2000 மில்லிகிராம். கடையில் வாங்கும் சாதாரணக் கோழி பிராத் (கோழிச் சாறு) ஒரு கப்பில் 800ஐத் தாண்டுவது சகஜம். ஸ்டஃபிங்குக்கு மூன்று கப், கிரேவிக்கு மூன்று கப் என்று ஊற்றும்போது என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். லேபிளில் இரண்டு வாசகங்கள் ஆளைக் குழப்பும். சோடியம் குறைக்கப்பட்டது என்று போட்டிருந்தால் அந்தக் கம்பெனியின் வழக்கமான சரக்கைவிடக் குறைந்தபட்சம் 25 சதவீதம் குறைவு என்று மட்டும் அர்த்தம், அது இன்னும் அதிகமாகவே இருக்கும். குறைந்த சோடியம் என்று போட்டிருந்தால்தான் ஒரு பரிமாறலுக்கு 140 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற சட்ட வரம்பு பொருந்தும். பெட்டிகள் ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், எண்ணைப் படித்து எடுங்கள். அதைவிட நல்லது, வெட்டி எடுத்த முதுகெலும்பு, கழுத்து, ஒரு வெங்காயம், ஒரு கேரட், நான்கைந்து மிளகு போட்டு உப்பில்லாமல் புதன்கிழமையே மூன்று மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவைத்த சாறு. ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் கொழுப்பு மேலே ஆடையாக உறைந்துவிடும், ஸ்பூனால் வழித்து எடுத்துவிடலாம்.

பீன்ஸ் கேசரோல் (கிரீம் சூப்போடு கலந்து ஓவனில் சுடும் பீன்ஸ்) அமெரிக்கர்களுக்கு ரொம்பப் பிரியமானது. 1955இல் கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சமையல்கூடத்தில் டோர்காஸ் ரெய்லி என்பவர் உருவாக்கியது. டப்பா சூப், பீன்ஸ், பொரித்த வெங்காயம் என்று எந்த வீட்டிலும் இருக்கும் பொருள்களைக் கொண்டு பத்து நிமிடத்தில் கலந்துவிடலாம் என்பதுதான் அதன் அருமை. அதை மேசையிலிருந்து நீக்குவதில் எனக்கு உடன்பாடில்லை, பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடும் காய் அது. டப்பாவை மட்டும் மாற்றலாம். 2 பவுண்டு பீன்ஸைக் கொதிக்கும் நீரில் 4 நிமிடம் வேகவைத்து உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு வடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஓவனில் மறுபடி வெந்து பச்சை போய்க் குழைந்துவிடும். 12 அவுன்ஸ் காளானை நறுக்கி எண்ணெய் இல்லாமலே வாணலியில் போட்டால் முதலில் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் முழுக்க வற்றிச் சிவக்கிறவரை பொறுமையாக நிற்க வேண்டும், அந்தச் சிவப்பில்தான் டப்பா சூப்பின் ருசி வருகிறது. பிறகு 2 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், 3 டேபிள்ஸ்பூன் மைதா சேர்த்து ஒரு நிமிடம் வறுத்து, ஒரு கப் சாறும் ஒரு கப் பாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால் கெட்டியாகும். மிளகும் அரை டீஸ்பூன் உப்பும் போதும். இதைப் புதன்கிழமையே செய்து வைத்து, வியாழனன்று பீன்ஸோடு கலந்து 375 டிகிரியில் 25 நிமிடம். கண்ணாடிப் பாத்திரத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு அப்படியே சூடான ஓவனில் தள்ளினால் வெடிக்கும், அரை மணி நேரம் வெளியே வைத்த பிறகு வையுங்கள். பொரித்த வெங்காயத்தைக் கலக்காமல் கடைசி 5 நிமிடத்தில் மேலே மட்டும் தூவினால் பாதி அளவு போதும்.

சர்க்கரைவள்ளிக்கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சுபோன்ற சர்க்கரை மிட்டாய் போடுவது பழங்கால வழக்கம்போலத் தோன்றும். ஒரு மார்ஷ்மெல்லோ கம்பெனி தன் சரக்கை விற்க 1917இல் வெளியிட்ட சமையல் கையேட்டில் வந்த யோசனை அது. கிழங்கே இனிப்பு. அதன் மேல் ஒரு கப் பழுப்புச் சர்க்கரை, வெண்ணெய், அதற்கும் மேல் மார்ஷ்மெல்லோ என்றால் அது இனிப்புப் பண்டம், காய்கறி வரிசையில் வைத்து ஏமாறக் கூடாது. இன்னொன்றும் உண்டு. கிழங்கை மெதுவாகச் சுடும்போது அதிலுள்ள மாவுச்சத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாறுகிறது. தண்ணீரில் வேகவைத்தால் அந்த மாற்றம் குறைவு, ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகமும் குறைவு. நீரிழிவுக்காரர் இருக்கும் வீட்டில் 4 பவுண்டு கிழங்கைத் தோலோடு வேகவைத்து, வில்லைகளாக நறுக்கி, 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, மிளகாய்த் தூள், வறுத்த பீக்கன் பருப்பு அரை கப் சேர்த்து 10 நிமிடம் மட்டும் ஓவனில் மேல் சூட்டில் முறுகவிடுங்கள். பிள்ளைகளுக்கு மார்ஷ்மெல்லோ வேண்டுமென்றால் ஒரு சிறு கிண்ணத்தில் தனியாகச் செய்துவிடலாம், சண்டை வேண்டாம்.

மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெயை அடக்கலாம். 10 பேருக்கு 5 பவுண்டு கிழங்கு என்ற இடத்தில் 3½ பவுண்டு யூகான் கோல்டு கிழங்கும் ஒரு பெரிய காலிஃபிளவரும் போடுங்கள். காலிஃபிளவரைத் தனியாக ஆவியில் வேகவைத்து, வெறும் வாணலியில் ஈரம் வற்றப் புரட்டிய பிறகு கலக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் கூழாகிவிடும். கிழங்கைக் குளிர்ந்த தண்ணீரிலிருந்தே வேகவைத்தால் வெளியே கரைந்து உள்ளே கல்லாக நிற்காது. மிக்ஸியில் போடவே கூடாது, கத்தி மாவுச்சத்தை உடைத்துப் பசைபோல இழுக்கும். 6 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், ஒரு கப் சூடான பால், அரை கப் புளிக்காத தயிர் போதும். சுட்ட பூண்டு ஒரு முழுக் கட்டி மசித்துச் சேர்த்தால் உப்பும் குறைவாகவே பிடிக்கும்.

ஸ்டஃபிங்கைப் பறவையின் வயிற்றுக்குள் திணிக்க வேண்டாம். நடுப்பகுதி 165 டிகிரி எட்டுவதற்குள் நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும், எட்டவில்லை என்றால் பச்சைக்கறிச் சாறு ஊறிய ரொட்டியைச் சாப்பிடுகிறோம். தனித் தட்டில் செய்யுங்கள்: ஒன்றரை பவுண்டு முழுக்கோதுமை ரொட்டி துண்டுகளாக்கி 275 டிகிரியில் முக்கால் மணி காய்ந்தது, 2 வெங்காயம், 5 செலரித் தண்டு, சேஜ் என்ற வாசனை இலை, ஓர் ஆப்பிள், 4 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், 2 முட்டை, 3 கப் சாறு. வெங்காயமும் செலரியும் ரொட்டிக்குச் சமமாக இருக்கட்டும். கிரேவிக்கு வழக்கம்போலக் கொழுப்பில் மாவை வறுக்காமல், 5 டேபிள்ஸ்பூன் மாவைக் குளிர்ந்த சாறு அரை கப்பில் கட்டியின்றிக் கரைத்து, கொதிக்கும் இரண்டரை கப் சாற்றிலும் கொழுப்பு நீக்கிய தட்டு வடிசலிலும் ஊற்றி 5 நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். வடிசல் ஏற்கெனவே உப்பு, சுவை பார்க்காமல் உப்புப் போடாதீர்கள்.

கிரான்பெர்ரி சாஸ் சுலபம். 12 அவுன்ஸ் பாக்கெட்டின் பின்னால் ஒரு கப் சர்க்கரை என்று அச்சிட்டிருக்கும். அரை கப் போதும், அரை கப் ஆரஞ்சுச் சாறும் அரை கப் தண்ணீரும் இஞ்சித் துருவலும் சேர்த்து 10 நிமிடம், பழங்கள் வெடித்ததும் இறக்கிவிடுங்கள். அடுப்பில் நீர்த்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கெட்டியாக்கும் பெக்டின் பழத்திலேயே இருப்பதால் ஆறியதும் உறையும். கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்துப் பச்சடியாகச் செய்தால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வாய்க்கு இதமாக இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களை அழைத்துவிட்டு, காய்கறிப் பாத்திரங்கள் ஏராளமாக இருக்கின்றனவே என்று விடுவது அவர்களைப் பட்டினி போடுவதற்குச் சமம். ஸ்டஃபிங்கில் கோழிச் சாறு, மார்ஷ்மெல்லோவிலும் ஜெல்லோவிலும் விலங்குகளிலிருந்து எடுத்த ஜெலட்டின், கடையில் விற்கும் சில இனிப்புப் பைகளின் மேலோட்டில் பன்றிக் கொழுப்பு, வூஸ்டர் சாஸில் நெத்திலி. இத்தனையும் மேசையில் பார்த்தால் தெரியாது. பீன்ஸையும் ஸ்டஃபிங்கில் ஒரு தட்டையும் காய்ச் சாற்றில் செய்து, வேறு கரண்டி போட்டு, ஓர் ஓரமாக வைத்துவிடுங்கள். முட்டையும் தொடாதவர் என்றால் அந்தத் தட்டில் முட்டையை விட்டுவிட்டு அரை கப் சாறு கூட்டிக்கொள்ளலாம். புரதத்துக்கு வேகவைத்த கொண்டைக்கடலையும் வறுத்த பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்டும் (குட்டி முட்டைக்கோஸ் போன்ற காய்) நல்ல ஜோடி.

இனிப்புப் பை வகைகளில் எதை எடுப்பது என்பதுதான் பெரிய வித்தியாசம். எட்டில் ஒரு துண்டு என்று வைத்தால் வீட்டில் செய்த பம்ப்கின் பை சுமார் 320 கலோரி, ஆப்பிள் பை 410, பீக்கன் பை 500. பம்ப்கின் பை செய்யும்போது டப்பாவைக் கவனியுங்கள். வெறும் பூசணி விழுதும் சர்க்கரையும் மசாலாவும் கலந்த பை மிக்ஸும் ஒரே தோற்றத்தில் அடுத்தடுத்து இருக்கும். மிக்ஸை வாங்கி வந்து குறிப்பின்படி சர்க்கரையும் போட்டால் இனிப்பு இரட்டிக்கும். 15 அவுன்ஸ் விழுதுக்கு 2 முட்டை, 12 அவுன்ஸ் சர்க்கரை சேர்க்காத சுண்டிய பால் (எவாப்பரேட்டட் மில்க்), முக்கால் கப்புக்குப் பதில் அரை கப் சர்க்கரை, பட்டை, சுக்கு, கிராம்பு. 425 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 350இல் 40 முதல் 50 நிமிடம். ஓரம் உறைந்து நடு லேசாக ஆடும்போதே, 175 டிகிரியில், வெளியே எடுத்துவிடுங்கள். அதைத் தாண்டினால் முட்டை இறுகி மேலே பிளவு விழும். மேலோடே வேண்டாம் என்பவர்களுக்கு அதே கலவையைச் சிறு கிண்ணங்களில் ஊற்றிச் சுட்டால் மாவும் கொழுப்பும் மிச்சம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் ஒரு கண்ணி. விருந்து மூன்று மணிக்கு என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, மாத்திரையோ இன்சுலினோ மட்டும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். சமையல் எப்போதும் தாமதமாகும், மூன்று என்றால் நாலு. காலைச் சாப்பாட்டை விடாமல், ஒரு மணிக்கு ஒரு முட்டையோ சுண்டலோ கொடுத்துவிடுங்கள், மருந்து நேரத்தை அந்த வாரமே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள். தட்டில் பாதி பீன்ஸ், ஸ்ப்ரவுட் போன்ற காய், கால்வாசி வான்கோழி, கால்வாசிக்குள் ஸ்டஃபிங், உருளை, கிழங்கு எல்லாம். காயும் கறியும் முதலில், மாவுப்பண்டம் கடைசியில் என்று சாப்பிட்டால் சர்க்கரை ஏற்றம் குறையும். பாத்திரங்களை மேசையில் பரப்பாமல் சமையல் மேடையில் வைத்தால் இரண்டாம் முறை எழுந்து போக வேண்டும், அதற்குள் வயிறு நிறைந்தது தெரிந்துவிடும். பை எடுப்பதற்கு முன் எல்லோருமாக 15 நிமிடம் நடந்துவிட்டு வரலாம். ஒரு நாள்தானே என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு: 2000இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில் நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை சராசரியாக ஏறிய எடை 0.37 கிலோதான். கொஞ்சம்தான், ஆனால் அது பிறகு இறங்கவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் உட்காரத் தோன்றும், கால்கள் கெஞ்சும். அதற்கு முன் கறியை எலும்பிலிருந்து பிரித்து, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெளியே இரண்டு மணி நேரம்தான் கெடு. பெரிய பாத்திரத்தில் குவியலாக மெல்ல ஆறும் கறியிலும் கிரேவியிலும்தான் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமி பெருகி மறுநாள் வயிற்றைப் புரட்டும். பம்ப்கின் பையிலும் முட்டை இருப்பதால் அதுவும் உள்ளே போக வேண்டும். வெள்ளிக்கிழமை எலும்பைப் போட்டுக் கொதிக்கவைத்து, கொழுப்பு எடுத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு ரசமாக வைத்தால் முந்தின நாள் கனம் தீரும். ஃப்ரிட்ஜில் இருக்கும் கறிக்குத் திங்கட்கிழமை இரவுதான் கடைசி. ஃப்ரீசருக்குப் போக வேண்டியதை வெள்ளியன்றே ஒரு வேளைக்கு ஆகும் அளவாகப் பிரித்து, கொஞ்சம் சாறு ஊற்றி, தேதி எழுதி வைத்தால் மார்ச் வரை கறி காயாமல் இருக்கும். சுடவைக்கும்போது மறுபடி 165 டிகிரி.